மருத்துவமனைக் கட்டடமும் ஓர் அமானிதம்

நம் குடும்பங்களில் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை என்று முடிவானதும் தொலைபேசிகள் ஒலிக்கத் தொடங்கிவிடும். எந்த டாக்டர், எத்தனை வருட அனுபவம், எவ்வளவு செலவாகும், காப்பீடு செல்லுமா, பெண் மருத்துவர் இருக்கிறாரா என்று சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் விசாரணைகள் வரும். இவையெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால், நோயாளி பத்து இரவுகள் படுத்திருக்கப்போகும் அறையின் சாளரம் திறக்குமா, கட்டிலிலிருந்து கழிவறைக்கு எத்தனை எட்டு நடக்க வேண்டும், அந்தக் கழிவறையின் கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா என்று எவரும் கேட்டு நான் அறிந்ததில்லை.

மருத்துவரும் மருந்தும்தான் சிகிச்சை. கட்டடம் அவற்றைச் சுற்றி நிற்கும் வெறும் சுவர் என்பது நம்முடைய பொதுவான எண்ணம். அந்தச் சுவரும் தரையும் கதவும் நோயாளியின் உடலில் நேரடியாக வேலை செய்கின்றன. சில வேளைகளில் மருந்துக்குத் துணையாக நிற்கின்றன. சில வேளைகளில் மருந்து செய்த நன்மையை ஒரே நொடியில் அழித்துவிடுகின்றன. இதை என் உம்மாவின் படுக்கையருகே இருந்து கண்டதால் எழுதுகிறேன்.

உம்மாவுக்கு அப்போது 71 வயது. பித்தப்பையில் கல். வழக்கமான சிறுதுளை முறையில் செய்ய இயலாத நிலை என்பதால் வயிற்றைத் திறந்தே அறுவை செய்தார்கள். அருகிலிருந்த நகரத்தின் தனியார் மருத்துவமனை அது. முகப்பு முழுதும் நீலக் கண்ணாடி. வரவேற்புக் கூடத்தில் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் கருங்கல் தரை. மருத்துவர் திறமையானவர், பொறுமையாகப் பேசுகிறவர். அறுவை நல்லபடியாக முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று எல்லாருக்கும் செய்தி அனுப்பினோம்.

ஐந்தாம் நாள், சுப்ஹுக்கு முன்பான நேரம். செவிலியர் எழுதிக் கொடுத்த ஊசி மருந்தை வாங்க நான் மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தளத்து மருந்தகத்துக்குச் சென்றிருந்தேன். இரவில் ஒரே ஒரு லிஃப்ட்தான் இயங்கும். உம்மா விழித்துக்கொண்டு உளூ செய்ய எழுந்திருக்கிறார். அழைப்பு மணியின் பொத்தான் கட்டிலின் தலைப்புறச் சுவரில், படுத்திருப்பவரின் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. கழிவறை அறையின் மறுகோடியில். அதன் வாசலில் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு மேடு. உள்ளே வழவழப்பான டைல்ஸ், முந்தைய நீரின் ஈரத்தோடு. பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூடக் கிடையாது. கைகளையும் முகத்தையும் கழுவி, தலைக்கு மஸஹ் செய்து, காலைக் கழுவுவதற்காக ஒரு காலை வாஷ்பேசினை நோக்கித் தூக்கிய வேளையில் மறு கால் வழுக்கிவிட்டது.

நான் திரும்பி வந்தபோது செவிலியரும் வார்டு ஊழியரும் கழிவறைக் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தாழ்ப்பாள் போடப்படவில்லை. ஆயினும் கதவு திறக்கவில்லை. ஏனெனில் அது உள்நோக்கித் திறக்கும் கதவு. உம்மா அதன்மீது சாய்ந்து விழுந்துகிடந்தார். தள்ளத் தள்ள அவருடைய இடுப்பில்தான் அது இடித்தது. உள்ளிருந்து, "தள்ளாதீங்க வாப்பா, நோவுது" என்ற குரல் மட்டும் வந்தது. ஒல்லியான ஊழியர் ஒருவர் இடுக்கு வழியாக உள்ளே நுழைந்து அவரை நகர்த்துவதற்கு இருபது நிமிடங்கள் ஆயின. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருந்தது. பித்தப்பைக்காக உள்ளே சென்றவர், இடுப்பில் இன்னோர் அறுவை செய்துகொண்டு, ஐந்து வாரங்கள் கழித்து வாக்கரோடு வீடு திரும்பினார்.

"பாட்டி ஏன் தனியாப் போனாங்க? பெல் அடிச்சிருக்கலாமே" என்றார் ஒரு செவிலியர். நிர்வாகத்தினரும் பணிவாக அதையே சொன்னார்கள். பார்க்க வந்த உறவினர்கள், "அல்லாஹ் நாடியது நடந்தது" என்றார்கள். உம்மாவும் அதையே சொல்லிக்கொண்டார். அந்த ஈமான் அவருக்கு ஆறுதலாக இருந்தது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கத்ர் என்பது துன்பப்பட்டவரின் உள்ளத்துக்கு அல்லாஹ் தந்த அடைக்கலம். பொறுப்பில் இருந்தவர் தம் கடமையிலிருந்து ஒதுங்கிக்கொள்ள அது வாசலாகிவிடக் கூடாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்கு வழிகாட்டியது நாம் அனைவரும் அறிந்த செய்தி. அந்தக் கழிவறையில் கட்டப்படாத ஒட்டகங்கள் ஆறேழு இருந்தன.

எட்டாத மணி, தொலைவான கழிவறை, வாசல் மேடு, வழுக்கும் தரை, இல்லாத பிடிகம்பி, உயரமான வாஷ்பேசின், உள்ளே திறக்கும் கதவு: இவற்றுள் ஒன்றையும் மருத்துவர் வைக்கவில்லை, செவிலியரும் வைக்கவில்லை. வரைபடத்தில் ஒருவர் கோடு போட்டபோதே இவை முடிவாகிவிட்டன. வரையும்போது சரிசெய்திருந்தால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கூடுதல் செலவே இல்லை. கதவை வெளிப்புறம் திறக்கும்படி வைப்பதற்கும் உட்புறம் திறக்கும்படி வைப்பதற்கும் தச்சர் ஒரே கூலிதான் கேட்பார்.

அந்த ஐந்து வாரங்களிலும், அதன் பின்னரும், இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மருத்துவமனைக் கட்டடமே நோயாளிகளைக் கொல்லக்கூடும் என்பதை உலகுக்கு எண்களால் காட்டிய இடம் இஸ்தான்புல்லின் உஸ்குதார் பகுதியில் இருக்கிறது. கிரிமியப் போரின்போது உஸ்மானிய அரசின் பெரிய படைமுகாம் ஒன்றை ஆங்கிலேயப் படைக்கு மருத்துவமனையாகக் கொடுத்திருந்தார்கள். 1854 நவம்பரில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 38 செவிலியரோடு அங்கே வந்தார். தூய துணியும் நல்ல உணவும் கனிவான பணிவிடையும் வந்து சேர்ந்தன. ஆயினும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் சிகிச்சைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். கட்டடத்தின் அடியில் கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன, காற்றோட்டம் இல்லை. மார்ச் மாதம் ஒரு சுகாதாரக் குழு வந்து கால்வாய்களைக் கழுவித் திறந்தது, சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசியது, காற்றுக்கு வழி செய்தது. ஜூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது. செவிலியரின் அன்பால் மட்டும் அடைய முடியாததைச் சாக்கடையும் சாளரமும் சாதித்தன. இந்தப் பாடத்தை நைட்டிங்கேல் பிறகு உணர்ந்துகொண்டு, மருத்துவமனைகளை எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்காகவே 1859இல் ஒரு நூல் எழுதினார். மருத்துவமனையின் முதல் கடமை நோயாளிக்குத் தீங்கு செய்யாதிருப்பது என்பதே அதன் அடிப்படைக் கருத்து.

தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு இழைக்கவும் கூடாது என்ற நபிமொழியை ஷரீஅத்தின் பெரும் அடிப்படைகளுள் ஒன்றாக நம் இமாம்கள் கொண்டார்கள். அண்டை வீட்டுச் சுவரிலிருந்து கடைத்தெருத் தராசு வரை அதை வைத்துச் சட்டம் சொல்லியிருக்கிறார்கள். நோயாளி நடக்கும் தரைக்கும் அது பொருந்தாமல் போகுமா?

காற்றின் விஷயத்துக்கு வருவோம். காசநோய் இருமலோடு காற்றில் கலந்து பரவுகிறது. மூடிய அறையில் அந்தக் கிருமி நெடுநேரம் மிதந்துகொண்டே இருக்கும். தென் ஆப்பிரிக்காவின் டுகெலா ஃபெரி என்ற ஊரில், எந்த மருந்துக்கும் எளிதில் அடங்காத காசநோய் 53 பேருக்கு இருப்பது கண்டறியப்பட்டு 2006இல் அந்தச் செய்தி உலகுக்குத் தெரிந்தது. அவர்களில் 52 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் பலருக்கு மருத்துவமனையிலேயே அது தொற்றியிருந்தது. நோய் தீர வந்த இடத்தில், வார்டின் காற்று வழியாக, வேறொரு நோய் வந்து சேர்ந்தது.

பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளில் ஆய்வாளர்கள் காற்றோட்டத்தை அளந்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். சாளரங்களையும் கதவுகளையும் திறந்துவைத்த அறைகளில் ஒரு மணி நேரத்தில் 28 முறை காற்று முழுமையாக மாறியது. ஆபத்து மிகுந்த அறைகளுக்கு இயந்திரம் வைத்துச் செய்யச் சொல்லும் அளவோ 12 முறைதான். அதைவிட வியப்பானது இன்னொன்று: உயரமான கூரையும் பெரிய சாளரமும் கொண்ட, ஐம்பது வருடங்களுக்கு முந்தைய பழைய கட்டடங்களில் 40 முறை, புதிய கட்டடங்களில் 17 முறை. நம் பாட்டன்மார் கட்டிய பழைய அரசு மருத்துவமனைகளின் உயரமான கூரையைக் கண்டு, "எவ்வளவு இடம் வீண்" என்று நாம் சொல்வதுண்டு. அந்த வெற்றிடம் அங்கே வேலை செய்துகொண்டிருந்தது.

சென்னைக்கு அருகே 1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய்ச் சானடோரியம் தொடங்கியபோதும், மரங்களும் திறந்த வெளியும் தூய காற்றும்தான் கையிலிருந்த பெரிய சிகிச்சை. இன்று அந்தப் பெயரில் ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. காற்று மட்டும் காசநோயைக் குணப்படுத்தாது. அதற்கு மருந்து வேண்டும் என்பது பிறகு தெளிவாயிற்று. ஆனால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு அந்த நோய் செல்லாமல் காப்பதில் காற்றின் பங்கு இன்றும் குறையவில்லை.

இந்த அறிவைக் கொண்டு ஏழை நாடொன்றில் கட்டிய மருத்துவமனைக்கு ருவாண்டாவின் புடாரோ நல்ல எடுத்துக்காட்டு. 2011இல் அது திறக்கப்பட்டது. கூட்டம் அடைந்து நிற்கும் உள்நடைவழிகளே அங்கு இல்லை. நடைவழியும் காத்திருக்கும் இடமும் வெளித் தாழ்வாரங்களாக இருக்கின்றன. கூரை உயரமானது. தாழ்விலும் உயரத்திலும் காற்றுவழிகள். பெரிய மின்விசிறிகள் காற்றை மேலே இழுக்க, அங்கே புற ஊதா விளக்குகள் கிருமியை அழிக்கின்றன. வார்டின் நடுவே ஒரு தாழ்வான சுவர் எழுப்பி, கட்டில்களின் தலைமாட்டை அதன் இருபுறமும் வைத்திருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு நோயாளியும் எதிர்க் கட்டில்காரரைப் பார்க்காமல் சாளரத்தையும் அதற்கப்பால் மலையையும் பார்த்துப் படுத்திருக்கிறார். உள்ளூர் எரிமலைக் கல்லால், உள்ளூர்க் கைகளால் கட்டியது அது.

சாளரம் வழியே மலையைப் பார்ப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கத் தோன்றலாம். ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் இதையேதான் கேட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை அவர் எடுத்தார். என் உம்மாவுக்கு நடந்த அதே அறுவை. வயது முதலியவற்றில் ஒத்திருந்த 46 பேரை இருவர் இருவராக இணைத்தார். ஒருவருடைய சாளரத்துக்கு வெளியே மரங்கள். மற்றவருடைய சாளரத்துக்கு வெளியே செங்கல் சுவர். மரத்தைப் பார்த்திருந்தவர்கள் சராசரியாக ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். வீரியமான வலிமருந்து குறைவாகவே அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1984இல் வெளிவந்த சிறிய ஆய்வுதான் அது. ஆயினும் அதன் பிறகு மருத்துவமனை வரைபவர்கள் சாளரத்தை அலட்சியமாகப் பார்க்க முடியவில்லை. உம்மாவின் அறைச் சாளரத்துக்கு நேரே பக்கத்துக் கட்டடத்தின் குளிர்சாதனப் பெட்டிகள் வரிசையாகத் தொங்கின. அந்தச் சாளரம் திறக்கவும் திறக்காது.

அவற்றின் இரைச்சல் இரவெல்லாம் கேட்டது. நோயாளியின் அறையில் இரவில் ஒலி 30 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டியது. அது கிசுகிசுப்பின் அளவு. 1960 முதல் உலகின் பல மருத்துவமனைகளில் எடுத்த அளவீடுகளை 2005இல் தொகுத்துப் பார்த்தபோது, பகல்நேர ஒலி 57 டெசிபெல்லிலிருந்து 72 ஆக உயர்ந்திருந்தது. கடினமான சுவர், கடினமான தரை, கடினமான கூரை. இவற்றிடையே விழும் ஒரு எஃகுத் தட்டின் ஓசை அடங்க இடமில்லை. தூக்கம் கெட்டால் வலி கூடும், குழப்பம் கூடும். வயதானவர்கள் நள்ளிரவில் இருக்குமிடம் தெரியாமல் எழுந்து நடப்பார்கள். பார்க்க வரும் நாமும் இதில் பங்குதாரர்கள்தாம். ஒரே கட்டிலைச் சூழ்ந்து பத்துப் பேர் நின்று கைப்பேசியில் உரக்கப் பேசுவது நோயாளியை நலம் விசாரிக்கும் சுன்னத்தின் அழகு ஆகாது.

திறக்காத சாளரத்தின் கடைசி ஆபத்தைக் கொல்கத்தா அறியும். 2011 டிசம்பர் 9ஆம் நாள் விடியுமுன் ஒரு தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பற்றியது. தீயைவிட வேகமாகப் புகை மாடிகளில் ஏறியது. முகப்பெல்லாம் அடைத்த கண்ணாடி. புகை வெளியேற வழியில்லை. மீட்க வந்தவர்கள் கண்ணாடியை உடைத்துத்தான் உள்ளே செல்ல வேண்டியிருந்தது. ஏறத்தாழ 90 உயிர்கள் போயின. பெரும்பாலோர் படுக்கையிலேயே மூச்சுத் திணறி இறந்த நோயாளிகள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு உம்மாவின் அறையை நினைத்துப் பார்த்தேன். நீலக் கண்ணாடி முகப்பு அதன் பிறகு எனக்கு அழகாகத் தோன்றவில்லை.

இவையெல்லாம் மேல்நாட்டார் புதிதாகக் கண்டுபிடித்தவை என்று எண்ண வேண்டாம். நம் வரலாற்றில் இதன் வேர் மஸ்ஜிதுன் நபவியிலேயே இருக்கிறது. அகழ்ப்போரில் கையின் நரம்பில் அம்பு பாய்ந்து காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்காக நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே ஒரு கூடாரம் அமைக்கச் செய்தார்கள். அருகிலிருந்து நலம் விசாரிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம் என்று புகாரியில் பதிவாகியிருக்கிறது. காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரமும் அங்கே இருந்தது. நோயாளி எங்கே படுத்திருக்க வேண்டும், அவருக்கும் அவரைப் பார்ப்பவருக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்க வேண்டும் என்பது அன்றே சிந்திக்கப்பட்ட விஷயம்.

பக்தாதில் மருத்துவமனைக்கு இடம் தேர்ந்தெடுக்க அர்-ராஸீ நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டார் என்றும், எங்கே அது மெதுவாகக் கெட்டதோ அந்த இடத்தைத் தேர்ந்தார் என்றும் ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 1154இல் நூருத்தீன் ஸங்கீ திமிஷ்கில் கட்டிய பீமாரிஸ்தானின் நடுமுற்றத்தில் நீர்த்தடாகம் இன்றும் இருக்கிறது. கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள். காய்ச்சலுக்கு ஓரிடம், கண்ணுக்கு ஓரிடம், அறுவைக்கு ஓரிடம். அதன் வக்ஃப் பத்திரத்தைப் பற்றிப் படித்தபோது ஒரு விவரத்தில் என் கண்கள் நின்றுவிட்டன. மருந்துக்கும் மருத்துவருக்கும் ஒதுக்கியதோடு, நோயாளிகளின் உணவை மூடிவைக்க ஓலை மூடிகளுக்கும், வெயில் காலத்தில் அவர்கள் விசிறிக்கொள்ள ஓலை விசிறிகளுக்கும், இரவு விளக்கின் எண்ணெய்க்கும் அதில் பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு பேரரசின் சுல்தான் எழுப்பிய மருத்துவமனையின் பத்திரத்தில் ஓலை விசிறி! எதிர்னேயில் 1488இல் முடிந்த இரண்டாம் பாயஸீத் சுல்தானின் மருத்துவமனையில் குவிமாடத்தின் கீழே நீரூற்று. அதன் ஓசை மனநோயாளிகளின் அறைகளுக்குக் கேட்கும்படி அறைகள் அதைச் சுற்றி அமைந்தன.

அந்த வக்ஃப்தாரர்கள் நோயாளியின் கட்டிலிலிருந்து கட்டடத்தைப் பார்த்தார்கள். நாம் இன்று தெருவிலிருந்து பார்க்கிறோம். இதை எங்கள் மஹல்லாவிலேயே கண்டேன்.

எங்கள் ஜமாஅத்தின் வக்ஃப் நிலத்தில் டயாலிசிஸ் வசதியோடு ஒரு சிறிய மருத்துவமனை கட்ட முடிவாகியிருக்கிறது. என் காக்கா அந்தக் குழுவில் ஒருவர். வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது விரித்துப் பார்த்தேன். முகப்பில் உயரமான வளைவு, சலவைக்கல், இரவில் ஒளிரும் பெயர்ப்பலகை. வார்டில் பன்னிரண்டு கட்டில்களுக்கு நடைவழியின் கோடியில் இரண்டு கழிவறைகள். எல்லாக் கதவும் உள்நோக்கி. சாளரமெல்லாம் திறக்காத கண்ணாடி, ஏ.சி. வரப்போகிறதாம்.

"காக்கா, இந்தக் கதவைப் பாருங்க" என்றேன். வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உம்மா பக்கத்தில் வாக்கரைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

நானும் எங்கள் தெருப் பெண்கள் சிலரும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு ஒரு மடல் எழுதினோம். கழிவறைக் கதவுகள் வெளிப்புறம் திறக்க வேண்டும்; வாசலில் மேடு கூடாது; ஈரத்திலும் வழுக்காத தரை வேண்டும்; இருபுறமும் பிடிகம்பி வேண்டும்; கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவெல்லாம் எரியும் மங்கலான விளக்கு வேண்டும். அமர்ந்து உளூ செய்ய முதுகு சாயும் இருக்கையோடு தாழ்வான குழாய் ஒன்று வேண்டும். கால் கழுவும் பழக்கம் எல்லாச் சமயத்தாருக்கும் உண்டு, அது அனைவருக்கும் உதவும். ஏ.சி. இருந்தாலும் சாளரம் திறக்க வேண்டும். கை கழுவும் தொட்டி வார்டின் வாசலிலேயே, மருத்துவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். கிப்லாவின் அம்புக்குறி படுத்திருப்பவருக்குத் தெரியும்படி கூரையில் இருக்க வேண்டும். பெண்களின் கட்டில்களுக்குத் திரை, கதவைத் திறந்ததும் உள்ளே பார்வை விழாதபடி ஒரு மறைப்பு. ஸ்டிரெச்சர் இறங்கச் சாய்வுத்தளம், இருபுறமும் படிக்கட்டு.

குழுத் தலைவர் மூத்த ஹாஜியார், நல்ல மனிதர். "மகளே, இதுக்கெல்லாம் காசு எங்கேம்மா இருக்கு? முன்பக்கம் அழகா இருந்தாத்தானே வெளிநாட்டுல இருக்கிறவங்க மனசு வச்சுக் கொடுப்பாங்க" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. படம் எடுத்து அனுப்புவது வளைவைத்தான். பிடிகம்பியை யாரும் படம் எடுத்து அனுப்புவதில்லை. பொறியாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கதவுகளுக்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை. பிடிகம்பி, தரை, தாழ்வான குழாய் எல்லாம் சேர்ந்தும் முகப்புச் சலவைக்கல்லின் செலவில் ஒரு சிறு பங்கே ஆயிற்று.

முடிவில் எல்லாம் கிடைத்துவிடவில்லை. வளைவு இருக்கிறது. பெயர்ப்பலகை ஒளிரும். சாய்வுத்தளமும் இரண்டாவது படிக்கட்டும் "அடுத்த கட்டத்தில்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தீ அடுத்த கட்டம் வரை காத்திருக்காது என்று காக்கா ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிவருகிறார். ஆனால் கழிவறைகள் நான்காயின. கட்டில்களுக்கு அருகே வந்தன. கதவுகள் வெளியே திறக்கும். சாளரங்கள் திறக்கும். உளூ இருக்கையின் உயரம் எவ்வளவு என்று பொறியாளர் கேட்டு அனுப்பினார். உம்மாவை நாற்காலியில் அமரவைத்து அளந்து அனுப்பினோம்.

உங்கள் ஊரிலும் மருத்துவமனையோ மருந்தகமோ முதியோர் இல்லமோ கட்டும் பேச்சு எழலாம். வரைபடத்தைப் பெண்களிடமும் முதியவர்களிடமும் ஒருநாள் கொடுங்கள். நோயாளியோடு இரவில் விழித்திருந்தவர்களுக்கு அந்தக் கோடுகள் வேறு விதமாகத் தெரியும். ஸதகத்துல் ஜாரியாவாக ஒரு வார்டு கட்டித் தர எண்ணுகிறவர்கள், பெயர் பொறிக்க முடியாத இடங்களுக்கும் கொடுங்கள்: பிடிகம்பிக்கு, சாளரத்துக்கு, இரவு விளக்குக்கு. நிலைநிற்கும் நன்மைக்குப் பெயர்ப்பலகை நிபந்தனை இல்லை.

ஏற்கெனவே கட்டிய மருத்துவமனையில் அனுமதியாகும் நிலை வந்தால், பையை வைக்குமுன் அறையை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். இடம் இருந்தால் கழிவறைக்கு அருகிலுள்ள கட்டிலைக் கேளுங்கள். அழைப்பு மணி கைக்கு எட்டுகிறதா என்று நோயாளியைப் படுக்கவைத்துப் பாருங்கள். எட்டாவிட்டால் கயிறு கட்டித் தரச் சொல்லுங்கள். கழிவறைத் தரையின் ஈரத்தைத் துடைக்கச் சொல்லுங்கள். கழுவ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உள்ளே வைக்க முடியுமா என்று கேளுங்கள். தேய்ந்த ரப்பர்ச் செருப்பைத் தவிருங்கள். சிறிய இரவு விளக்கொன்றை வீட்டிலிருந்து எடுத்துச் செல்லுங்கள். வெளியேறும் படிக்கட்டு எங்கே, அதன் கதவு பூட்டப்பட்டிருக்கிறதா என்று பகலிலேயே பார்த்துவிடுங்கள். எழுந்து நிற்பது ஆபத்தான நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையை நினைவூட்டுங்கள்: தண்ணீர் தீங்கு தருமென்றால் தயம்மும் உண்டு, நிற்க முடியாதவர் அமர்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம். உங்களுக்குக் கிடைக்கும் படிவத்தில் மருத்துவரைப் பாராட்டி எழுதும்போது, கதவைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். ஒரே குறையைப் பத்துப் பேர் எழுதினால் நிர்வாகம் தச்சரை அழைக்கும்.

உம்மா இப்போது அமர்ந்துதான் தொழுகிறார். புது மருத்துவமனையின் அடித்தளம் போட்ட அன்று அவரையும் அழைத்துச் சென்றோம். வாக்கரை ஊன்றி நின்று நீண்ட நேரம் துஆ செய்தார். என்ன கேட்டீர்கள் என்று வழியில் விசாரித்தேன். "இதுக்குள்ள வர்றவங்க ஒரு நோயோட வந்தா, அந்த ஒரு நோயும் தீர்ந்து போகணும்; இன்னொண்ணு வாங்கிட்டுப் போகக்கூடாதுன்னு கேட்டேன்" என்றார். ஆமீன்.